மயூரா பெயரில் வந்த கடிதங்கள்

செப்டெம்பர் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு மயூராவின் வேலை நின்றது. அவள் இன்னும் அந்த வேலையில் சேர்ந்திருக்கவில்லை.

லண்டனில் கணக்காய்வு நிறுவனம் ஒன்று. பதினெட்டு வயதில் ஆட்களை எடுத்து, சம்பளமும் கொடுத்து, படிக்கவும் வைப்பார்கள். ஒக்டோபரில் தொடக்கம். மின்னஞ்சல் நாலு வரிதான். பின்னணிச் சோதனையில் அவளுடைய கடன் வரலாறு தேறவில்லை. இருபத்தேழாம் திகதிக்குள் விளக்கம் தர வேண்டும்.

"நான் கடனே எடுக்கேல்லையே," என்றாள் மயூரா.

அவளுடைய தாய் கனகாம்பிகை பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பிழையா அனுப்பியிருப்பாங்கள். மாமாவிட்டைக் காட்டு."

அந்த வீட்டில் இங்கிலிஷில் வரும் எதையும் மாமாவிடம்தான் காட்டுவது. மயூராவுக்கு அவரைவிட நன்றாக இங்கிலிஷ் தெரியும். வழக்கம் மாறவில்லை.

அன்று அவள் மாமாவிடம் போகவில்லை. கடன் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனத்திடம் தன் கோப்பைக் கேட்டாள். மாலையே வந்தது. பதினொரு பக்கம்.

மூன்று கைபேசி ஒப்பந்தங்கள், ஒரு கடன் அட்டை, ஒரு வேன். எல்லாம் பாதியில் கட்டாமல் விடப்பட்டவை. முதலாவதை எடுத்தபோது அவளுக்கு வயது பதின்மூன்று. பிறந்த நாளும் மாதமும் சரி. வருடம் மட்டும் பத்து முந்தியது. விலாசம் இந்த வீடு. அவளுக்குப் பதினெட்டு ஆனதும், ஒரே பெயர் ஒரே வீடு என்று, கணினி தாளில் மட்டும் இருந்த அந்தப் பத்து வயது மூத்த பெண்ணையும் இவளையும் ஒருத்தியாக்கியிருந்தது.

"எனக்கு ஒரு வேன் இருக்காம், அம்மா. ஓடத்தான் தெரியாது."

கனகாம்பிகை சிரிக்கவில்லை. வாசல் கதவின் கைபிடியைப் பார்த்தாள். அதில் ஒரு துணிப்பை தொங்கியது. வருகிற கடிதங்களை அதற்குள் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அண்ணன் குகதாசன் சாப்பிட வருவார். போகும்போது பையிலிருப்பதை அள்ளிக்கொண்டு போவார். கணவன் செத்த மாதம் தொடங்கிய ஏற்பாடு. ஐந்து வருடமாகிறது.

"என்ரை பேரிலை கடிதம் வந்ததோ?"

"வந்தது."

"எத்தினை?"

"எண்ணேல்லை. விலாசம் தெரியக் கண்ணாடி வைச்ச வெள்ளை என்வலப்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீ சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடத்துக் கடிதமாக்கும் எண்டு நினைச்சன். அண்ணை பாப்பார்தானே எண்டு."

மறுநாள் மயூரா கடைக்குப் போனாள். பார்க்கிங் என்ற ஊரின் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை. பலகையில் மயூரா ஸ்டோர்ஸ் என்று இரண்டு மொழிகளில் எழுதி விளக்குப் போட்டிருந்தது. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது திறந்த கடை. ரிபன் வெட்டியது அவள்தான். குகதாசனுக்குப் பிள்ளைகள் இல்லை.

"வாங்கோ முதலாளி," என்றார் மாமா. பத்து வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவள் தாள்களைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். மிச்சத்தைப் புரட்டவில்லை. முருங்கைக்காய் வாங்கிய பெண்ணுக்கு மிச்சக் காசைக் கொடுத்து வெளியே அனுப்பினார்.

"என்ரை பேர் எப்பவோ பழுதாப் போச்சு, பிள்ளை. மாமியின்ரையும் அப்பிடித்தான். கொப்பர் செத்ததோடை அவரின்ரை பேரும் போட்டுது. வீட்டிலை நல்ல பேர் உன்ரை ஒண்டுதான் மிஞ்சிக் கிடந்தது."

"எனக்குப் பதின்மூண்டு வயது, மாமா."

"அதைத்தான் சொல்லுறன். பதின்மூண்டு வயதிலை உனக்குப் பேராலை என்ன அலுவல்? சும்மா கிடந்தது. நீ வளரமுன்னம் அடைச்சு முடிச்சிடுவன் எண்டுதான் இருந்தன். கடை படுத்திட்டுது."

"இப்ப அடையுங்கோ."

"எதாலை?"

அவள் தட்டுகளைப் பார்த்தாள். அரிசி மூட்டைகள் முன்வரிசையில் மட்டும் இருந்தன. பின்னால் சுவர் தெரிந்தது.

"அப்ப நீங்கள்தான் எடுத்ததெண்டு எழுதித் தாங்கோ."

"எழுதித் தந்தா உள்ளை போடுவாங்கள். பேந்து உங்களை ஆர் பாக்கிறது?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெளியிலை போய் அண்ணாந்து பார். உன்ரை பேர் லைட் போட்டு எரியுது. லண்டனிலை எத்தினை பெட்டையளுக்கு அது கிடைக்கும்?"

"தங்கச்சியின்ரை பேரிலையும் ஏதும் எடுத்தனீங்களோ?"

"சீ. சுவர்ணா குழந்தை."

அவர் இரண்டு மாம்பழங்களைப் பையில் போட்டு நீட்டினார். "அவளுக்குக் குடு." மயூரா பழக்கத்தில் வாங்கிக்கொண்டாள். தெருவில் நடக்கும்போதுதான் கையில் பை இருப்பதைக் கண்டாள்.

மோசடி முறைப்பாட்டுக்கான தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்தாள். பேசிய பெண் நல்லவள். அவசரப்படுத்தவில்லை. கடிதங்கள் ஐந்து வருடமாக உங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கின்றன, என்றாள். அவற்றை யார் எடுத்தார்கள் என்று அந்த வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். அது இல்லாவிட்டால் கடன் கொடுத்தவர்கள் நம்புவது கஷ்டம்.

வீட்டில் பெரியவர் ஒருவர்தான்.

மயூரா அரைப் பக்கம் எழுதினாள். இங்கிலிஷில் ஒன்று, தாய்க்கு விளங்கத் தமிழில் ஒன்று. மகளுடைய பெயரில் வந்த கடிதங்களை ஒவ்வொரு ஞாயிறும் என் அண்ணன் குகதாசனிடம் கொடுத்தேன். அவ்வளவுதான். கனகாம்பிகை தமிழை இரண்டு தரம் வாசித்தாள்.

"இதிலை பொய் இருக்கோ, அம்மா?"

"இல்லை."

"அப்ப சைன் பண்ணுங்கோ."

"அப்பா செத்தண்டு ஆஸ்பத்திரியிலை ஆர் நிண்டது? இந்த வீடு எடுக்கேக்கை ஆர் எங்களுக்காகக் கையெழுத்து வைச்சது?"

"அவர் வைச்சார். நீங்களும் வையுங்கோ."

"அண்ணையைப் பிடிச்சுக் குடுத்திட்டு நான் ஆரிட்டைப் போறது?"

மயூரா இன்னொரு தாளை எடுத்தாள். சுவர்ணாவின் பெயரில் கோப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்கும் கடிதம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கோப்பு இருக்கக் கூடாது. இருந்தால் இப்போதே நிறுத்தலாம். அதைக் கேட்பதற்குத் தாயின் கையெழுத்து வேண்டும்.

"இதுக்காவது."

"அண்ணை இல்லை எண்டு சொன்னவர்தானே. பேந்தும் கேட்டா அவரைக் கள்ளன் எண்ட மாதிரி."

"அவர் கள்ளன்தான், அம்மா."

கனகாம்பிகை எழுந்து போய் உலையில் அரிசி போட்டாள்.

இரண்டு தாள்களும் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கின. இருபத்தேழாம் திகதி மயூரா தாயின் கையெழுத்து இல்லாமலே விளக்கம் அனுப்பினாள். மூன்று நாளில் பதில் வந்தது. வருந்தினார்கள். அடுத்த வருடம் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். கட்டாத கடன் கோப்பில் ஆறு வருடம் நிற்கும் என்று அவள் வாசித்திருந்தாள்.

ஒக்டோபரில், கனகாம்பிகையின் பள்ளிக்கூடத்தில் துப்புரவுக்கு ஓர் இடம் காலியானது. காலை ஐந்து மணி ஷிப்ட். மயூரா சேர்ந்தாள். தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒரே இருக்கையில் இருக்கவில்லை.

குகதாசன் நாலு ஞாயிறு வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு வருவதாகச் சொல்லி அனுப்பினார். முதல் நாள் சனிக்கிழமை கனகாம்பிகை நண்டு வாங்கிவந்து துப்புரவாக்கினாள். மயூரா மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். வாசலில் தபால் விழும் சத்தம் கேட்டது. சுவர்ணா ஓடினாள்.

திரும்பி வந்தபோது இரண்டு கைகளாலும் ஒரு என்வலப்பைப் பிடித்திருந்தாள். வெள்ளை. கண்ணாடி வைத்தது. மயூரா கோப்பையை வைத்தாள். கனகாம்பிகையின் கை நண்டுச் சட்டிக்குள் அப்படியே நின்றது.

"அம்மா, எனக்கும் கடிதம் வந்திருக்கு! என்ரை முழுப் பேரும் போட்டிருக்கு, மிஸ் சுவர்ணா எண்டு. மாமாவின்ரை பைக்குள்ளை போடட்டோ?"