நடுச்சாமத் தாழ்ப்பாளின் கடைசி ரீல்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கும், செத்த பிறகும் போக மனமின்றிச் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒருசேர அறிவிக்கப்படுவது என்னவென்றால்: தமிழ்த் திரையுலக வரலாற்றின், அதாவது மணலூர்பேட்டை டூரிங் டாக்கீஸ் வரலாற்றின், மாபெரும் பேய்ப்படமாகிய 'நடுச்சாமத் தாழ்ப்பாள்' வெளியாகி முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைவுறுவதை முன்னிட்டு, வருகிற ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்கு அப்படம் மீண்டும் திரையிடப்படும். படத்தின் கடைசிக் காட்சியைக் கண் திறந்து பார்த்த ஒரே தமிழரான ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் திரு. தெய்வசிகாமணி அவர்களுக்கு 'அச்சமறியாச் செம்மல்' என்னும் பட்டம் வழங்கப்படும். இதய நோயாளிகள் வருகையைத் தவிர்க்கவும். மதிய உணவு உண்டு.

கடைசி வரியைப் படித்துவிட்டு இதய நோயாளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இந்தத் துண்டறிக்கையை எழுதியவர் தெய்வசிகாமணி. வெளியிட்ட 'கள்ளக்குறிச்சி வட்டாரப் பேய்ப்பட ரசிகர் பேரவை'யின் தலைவரும் அவர்தான். பட்டத்துக்குத் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க அமைக்கப்பட்ட குழுவிலும் அவர் இருந்தார். குழு ஒருமனதாக முடிவெடுத்தது. குழுவில் இருந்தது ஒரு மனம்தான் என்பதால் அது சுலபமாகவே முடிந்தது.

இந்தப் பெருமையின் வேர் 1984ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் இருக்கிறது. பெண்ணையாற்றங்கரையில், மணலூர்பேட்டையில், நாராயணசாமி என்பவர் கீற்றுக்கொட்டகை போட்டுப் படம் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே வந்தது 'நடுச்சாமத் தாழ்ப்பாள்'. மலை மேல் ஒரு பங்களா. தினமும் நடுச்சாமத்தில் அதன் கதவுத் தாழ்ப்பாள் தானாக விலகும். கதவு திறக்கும். யாரும் வரமாட்டார்கள். கண் திறந்திருந்தவரை அவ்வளவுதான் படம். வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஜனங்கள் பிற்பாடு சொன்னார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் பக்கத்தில் தாழ்ப்பாளை நம்பாமல் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் படுத்தார்கள். அந்த மலை கல்வராயன் மலையேதான் என்று யாரோ கிளப்பிவிட, கடுக்காயும் தேனும் வாங்க மேலே போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டார்கள். ஆனாலும் படம் பார்க்காதவன் எவனும் இல்லை. பார்த்தவன் மறுபடியும் பார்த்தான், முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டதை ஈடுகட்ட. இரண்டாம் தடவையும் மூடிக்கொண்டான்.

அப்படி ஒரு நாள் முதல் ஆட்டத்தில், கடைசிக் கட்டத்தில், தாழ்ப்பாள் விலகிக் கதவு திறந்ததும் முன்வரிசையில் காசியம்மாள் என்பவர் "ஐயோ, வந்துட்டாண்டி!" என்று அலறினார். வந்தது யார் என்று விசாரிக்க எவரும் நிற்கவில்லை. கொட்டகை மொத்தமும் எழுந்து ஓடியது. நாற்காலி டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த களமருதூர்ப் பெரிய விவசாயி சுப்புராயன்கூட ஒற்றைச் செருப்போடு ஓடினார். எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் கொளஞ்சியப்பன். அவன் கல்வராயன் மலை மேலிருக்கும் வெள்ளிமலையில் போய்த்தான் நின்றான் என்பார்கள். அது மிகை. அவன் பாதி வழியில், சங்கராபுரத்திலேயே நின்றுவிட்டான்.

தரை டிக்கெட்டில் ஒரே ஒருவர் மட்டும் மணலில் சம்மணம் போட்டபடி அசையாமல் இருந்தார். இருபத்து நான்கு வயது தெய்வசிகாமணி.

மறுநாள் காலை டீக்கடையில் அவர் சொன்னதுதான் பிறகு வேதம் ஆயிற்று. "மொகமே கெடையாது. மொகம் இருக்க வேண்டிய எடத்துல ஒரு மூடி. ரெண்டு பெரிய கண்ணாடிக் கண்ணு. முதுவுல ஒரு தவலை. கையில இருந்து பொகையா வுட்டுகினு, நெல்லு வயலுக்குள்ள நம்மளப் பார்த்து நடந்து வரான்." கேட்டவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சேதி களமருதூருக்குப் போயிற்று. ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டே யோசித்த சுப்புராயன், தன் மகள் கமலாவுக்கு நெஞ்சுரமுள்ள மாப்பிள்ளைதான் வேண்டும் என்று முடிவு செய்தார். கமலாவுக்குத் திருக்கோவிலூரில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டு வரன் ஒன்று கூடி வந்திருந்தது. அந்தப் பையனும் அன்றைக்கு ஓடியவர்களில் ஒருவன் என்று தெரிந்ததும் சுப்புராயன் அதைக் கைவிட்டார். தையில் கல்யாணம்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் கமலாவுக்குச் சில சந்தேகங்கள் வந்ததுண்டு. சமையலறையில் பல்லி தென்பட்டால் அந்த நெஞ்சுரம் தெருவில் போய் நின்றது. மருத்துவமனையில் ஊசி என்றால் முதல்நாளே காய்ச்சல் சரியாகிவிட்டது. "எங்கப்பா பார்த்து குடுத்தாரு. காரணம் இல்லாமயா குடுத்திருப்பாரு?" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

விழாவன்று கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. படத்தைச் சென்னையில் யாரோ பழைய பிரதியிலிருந்து துலக்கி, பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார்கள். மேடையில் சால்வை தயார். ஓரத்தில் மின்விசிறிக்கு அடியில், டூரிங் டாக்கீசின் பழைய ஆபரேட்டர் இருசப்பனைச் சிறப்பு விருந்தினராக உட்கார வைத்திருந்தார்கள். எழுபத்தெட்டு வயது. படம் தொடங்கியதும் தூங்கிவிட்டார். தொழில் பழக்கம்.

முதல் முறையாக எல்லோரும் கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். பட்டப்பகல், பக்கத்தில் பேரப்பிள்ளைகள், சாம்பார் கொதிக்கும் வாசனை. பேய்க்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனாலும் தாழ்ப்பாள் விலகும்போது மண்டபம் மூச்சை அடக்கியது. மூன்று பேர் பக்கத்தில் இருந்தவரின் தொடையைப் பிடித்தார்கள்.

கடைசிக் கட்டம் வந்தது. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. வெள்ளைப் போர்வைக்குள்ளிருந்து பங்களாவின் சமையல்காரர் வந்தார். போலீசார் அவரைப் பிடித்தார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் மாலை மாற்றினார்கள். வணக்கம்.

முன்னூறு தலைகள் மேடைப் பக்கம் திரும்பின.

கொளஞ்சியப்பன் எழுந்தார். முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு டீக்கடையிலும் 'சங்கராபுரம் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வாங்கியவர். நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யோவ் சிகாமணி, எங்கய்யா கண்ணாடிக் கண்ணு?"

தெய்வசிகாமணி மைக்கைப் பிடித்தார். "இது... வெட்டிட்டாங்க. சென்சார்ல."

"முதுவுல தவலை?"

"அதையும்."

"நெல்லு வயலு? அதையுமா சென்சார்ல அறுத்தான்? மலை மேல பங்களாய்யா, வயலு எங்கேந்து வந்துச்சு? எல்லாரும் ஓடினோம். நானும் ஓடினேன், இல்லேங்கல. நீ ஓடலன்னா கண்ண இறுக்கி மூடிகினு குந்தினு இருந்திருக்கே. காலையில எழுந்து கத கட்டிட்டே!"

அதுவரை தெய்வசிகாமணியின் சீடராக இருந்த பேரவைச் செயலாளர் தனசேகரன், கையிலிருந்த சால்வையை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார். தனசேகரன் 1984இல் பிறக்கவே இல்லை.

அதன் பிறகு எல்லோருக்கும் அப்பவே சந்தேகம் இருந்தது தெரியவந்தது.

தெய்வசிகாமணி கூட்டத்தைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த கமலாவைப் பார்த்தார். கமலா அவரைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க" என்றார் கடைசியில், மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "அந்த ஜவுளிக்கட வரன எங்கப்பா வேணாம்னது இந்தக் கதையக் கேட்டுத்தானே? நெசமாச் சொல்லுங்க. பார்த்தீங்களா, இல்லியா?"

"பார்த்தேன் கமலா. சத்தியமாப் பார்த்தேன்."

"பார்த்தாராம்!" என்றார் கொளஞ்சியப்பன். சிரிப்பு எழுந்தது. சாம்பார் வாளியோடு எட்டிப் பார்த்த சமையல் மாஸ்டரும் சிரித்தார். அந்தச் சத்தத்தில் இருசப்பன் விழித்துக்கொண்டார்.

"இன்னாப்பா, இடைவேளையா?"

"படமே முடிஞ்சிடுச்சு தாத்தா. வாத்தியாரு பொய் சொல்லிட்டாராம். கண்ணாடிக் கண்ணு வெச்ச பேயே படத்துல இல்லியாம்."

"படத்துல எங்க இருக்கும்?" என்றார் இருசப்பன் கொட்டாவிக்கு நடுவில். "அது நான் போட்டதாச்சே."

அவரைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் இந்தப் படத்தைப் பற்றி ஆபரேட்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆபரேட்டரைப் பார்த்து ஊர் கத்தும், கேள்வி கேட்காது.

"அப்பல்லாம் ஒரே பிரிண்டுங்க, ரெண்டு கொட்டாயி. ஆத்துக்கு அக்கரையில ஒண்ணு, இக்கரையில நம்முளுது. அங்க ஒரு ரீலு ஓடி முடிஞ்சதும் முனியன் சைக்கிள்ல வெச்சி தரப்பாலத்து வழியா எடுத்தாருவான். அன்னிக்கு மேல அணையத் தொறந்துட்டாங்க. பதினாலு ரீலு வந்துச்சு. பதினஞ்சாவதுக்குள்ள பாலத்து மேல தண்ணி. முனியன் ரீலோட அந்தக் கரையில நின்னுகினு டார்ச்ச ஆட்டறான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கதவு தொறக்கற எடத்துல படத்த நிறுத்தினா கொட்டாயப் பிரிச்சிடுவாங்க. மொதலாளி நாராயணசாமி கையப் பெசையறாரு. படத்துக்கு முன்னாடி போடற கவருமெண்டு படம் ஒண்ணு கேபின்ல கெடந்துச்சு. நெல்லுல தண்டு துளைப்பானுக்கு மருந்தடிக்கிற படம். முனியன் வர்ற வரிக்கும் ஓடட்டும்னு மாட்டிட்டேன். வாய்ஸ் வந்தா வெவசாயம்னு தெரிஞ்சிடும்ல? அதான் சவுண்ட சுத்தமா கம்மி பண்ணிட்டேன்."

மண்டபத்தில் பாதிப்பேர் விவசாயிகள். தங்கள் வாழ்நாளில் எத்தனையோ முறை மருந்தடித்தவர்கள். கோவணம் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, காற்றடிக்கும் பக்கம் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொள்வதே எங்கள் ஊரில் பாதுகாப்பு நடவடிக்கை. முகமூடி, பெரிய கண்ணாடி, ரப்பர் கோட்டு, கையுறை எல்லாம் அணிந்து மருந்தடிக்கும் மனிதனை அவர்கள் அன்றுவரை கண்டதில்லை. அதன் பிறகும் கண்டதில்லை. அரசாங்கம் சொன்னபடி நடக்கிற ஒரு விவசாயியை முதன்முதலாகப் பார்த்ததும் ஊரே பயந்து ஓடியிருக்கிறது.

"அப்போ..." கொளஞ்சியப்பனின் துண்டு தோளிலிருந்து இறங்கியது. "அப்போ நானு பூச்சிமருந்துக்கா சங்கராபுரம் வரிக்கும் ஓடினேன்?"

"நீ பார்க்காமயே ஓடினப்பா. உனக்கு பூச்சிமருந்தும் ஜாஸ்தி."

மண்டபம் இடிந்துவிடும்போல் சிரித்தது. கொளஞ்சியப்பன் உட்கார இடம் தேடினார். அவர் நாற்காலியில் ஏற்கெனவே ஒரு இதய நோயாளி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கமலா எழுந்து மேடைக்கு அருகே வந்தார். "பெரியவரே, இவுரு கண்ண மூடிகினு இருந்தாருன்னு சொல்றாங்களே?"

"எல்லாம் ஓடினப்பறம் ஒத்தத் தலை மட்டும் தெரிஞ்சுதும்மா. இன்னாடா இதுன்னு கேபின வுட்டு எறங்கி வந்து நேராப் பார்த்தேன். முழி ரெண்டும் வெளிய வந்து நிக்குது. இமையே கொட்டல. கூப்ட்டேன், பதிலே இல்ல. பெரிய தகிரியசாலிம்மா."

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பேரவையின் மற்றவர்கள் அத்தனை பேருக்கும் அப்பவே நம்பிக்கை இருந்தது தெரியவந்தது. தனசேகரன் சால்வையை வேகமாகப் பிரித்தார். பட்டம் வழங்கப்பட்டது. தெய்வசிகாமணி இருபத்தைந்து நிமிஷம் ஏற்புரை ஆற்றினார். பேய்க்கு அஞ்சாதவன் சாதாரண வீரன் என்றும், பேயல்லாத ஒன்றைப் பேயென்று நம்பிய பிறகும் அதற்கு அஞ்சாதவனே மாவீரன் என்றும் நிறுவினார். நெல்லையும் நெஞ்சுரத்தையும் இணைத்து ஏதோ சொன்னார். சாம்பார் ஆறிக்கொண்டிருந்ததால் எல்லோரும் சீக்கிரமே கைதட்டினார்கள்.

பந்தியில் கமலா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவர் இலையில் வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு இப்படி வைத்தது இதுவே முதல் தடவை.

"எங்கப்பா ஏமாறலங்க" என்றார் மெதுவாக. "ஊரே ஓடுது. அது வேற நேரா உங்களப் பார்த்து வருது. எப்டிங்க எழுந்து ஓடணும்னே தோணல உங்களுக்கு?"

தெய்வசிகாமணி சுற்றும் பார்த்தார். ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக மென்றார்.

பதினாலு ரீலும் சம்மணம் போட்டபடியே உட்கார்ந்திருந்ததில், அவருக்கு அன்றைக்கு இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன.