புறங்கை

கருத்தக்கண்ணன் சென்னையில் ஆஸ்திரேலியா வேலைக்கான தொழில் தேர்வில் தோற்றுப்போன சேதி, அவன் அனுமந்தன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் அவனேதான் சொல்லியிருக்கிறான். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, மடியில் கட்டிக்கொண்டு வரத் தெரியாத மனுஷன். பக்கத்து சீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? போன் எதற்கு இருக்கிறது?

அவன் மனைவி ராஜாத்திக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவன்மேல் இல்லை, தேர்வு வைத்தவர்கள்மேல். கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் நின்றாலும் முதலில் தேடுவது அவள் புருஷனைத்தான். அப்பேர்ப்பட்ட எலக்ட்ரீஷியனை ஃபெயிலாக்க அவர்கள் யார்?

ஆஸ்திரேலியா ஆசையைக் கிளப்பிவிட்டவன் பண்ணைப்புரத்து வினோத்ராஜ். வெல்டர் வேலைக்குப் போய் அங்கே குடும்பத்தோடு நிலைத்துவிட்டவன். எலக்ட்ரீஷியனுக்கு இங்கே ராஜ மரியாதை, ஆனால் நாற்பத்தைந்து வயதுக்குள் வந்தால்தான் உண்டு என்று சொல்லியிருந்தான். கருத்தக்கண்ணனுக்கு நாற்பத்து நான்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வயதில் மற்றவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க, இவன் இங்கிலீஷ் படித்தான். குளிக்கும்போது பேசினான், ஸ்டார்ட்டர் பெட்டியிடம் பேசினான். மகள் திரிஷா திருத்தித் திருத்திச் சலித்துப்போனாள். ஊர் சிரித்தது. ஆனால் இங்கிலீஷ் பரீட்சையில் அவன் முதல் தடவையே தேறினான். மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவன்தான் சொந்தத் தொழிலில் கோட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறான்.

"தெரியாததையா கேட்டாக?" என்றாள் ராஜாத்தி, கையைக்கூடக் கழுவ விடாமல்.

"எல்லாம் தெரிஞ்சதுதான். அம்புட்டும் செஞ்சுட்டேன். கடைசியா பரீட்ச வச்ச சாரு, இந்த ஒயர்ல கரண்டு இல்லன்னு உறுதிப்படுத்துங்கன்னாரு. தொட்டுட்டேன்."

"எதால?"

அவன் வலது கையைத் திருப்பி, விரலின் பின்பக்கத்தைக் காட்டினான்.

பள்ளத்தாக்கில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். உள்ளங்கையால் தொட்டால் கை சுருண்டு ஒயரைக் கவ்விக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் உதறிவிடும். டெஸ்டரைத் தேடுகிற நேரத்தில் இரண்டு மோட்டாரைப் பார்த்துவிடலாம். 'எங்க வீட்டுக்காரரு மெயினை ஆஃப் பண்ணாமலே வேலை பாத்துருவாக' என்று ராஜாத்தியே கல்யாண வீடுகளில் பெருமையடித்திருக்கிறாள்.

"அந்த ஒயர்ல கரண்டு இருந்துச்சா?"

"இல்ல."

"பொறகென்ன கேடு அவுகளுக்கு?"

"இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்கன்னாரு. தொட்டுப் பாத்தேன் சார்னேன். பேனாவ மூடி வச்சுட்டாரு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பொறந்த நாளுக்கு முன்னாடி இன்னொரு தடவ போகலாம். அது போச்சுன்னா அம்புட்டுத்தான். எனக்கு வேலை தெரியும் ராசாத்தி. இந்தக் கைதான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

மறுவாரமே அவன் தேனிக்குப் போய் ஒரு பூட்டும், கரண்ட் அளக்கிற நல்ல மீட்டரும், 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று எழுதிய சிவப்பு அட்டையும் வாங்கி வந்தான். இனி எந்தத் தோட்டமானாலும் ஒரே முறைதான். மெயினை இறக்கிப் பூட்டிவிட வேண்டும். கரண்ட் ஓடுகிற வேறொரு இடத்தில் மீட்டரை வைத்து, மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஒயராக வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் பழைய இடத்துக்கே போய், இதற்குள் மீட்டர் கெட்டுப்போகவில்லையே என்று இன்னொரு தடவை சோதிக்க வேண்டும். இத்தனைக்கும் அப்புறம்தான் கை வைக்கலாம்.

இருபது வருஷத்துக்கு மேல் பழகிய கை அத்தனை லேசில் அடங்குமா? அவன் மீட்டரை எடுப்பதற்குள் விரல் முந்திக்கொண்டது. அதனால் ராஜாத்தியும் கூடவே கிளம்பினாள். மெயினைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அவன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். விரல் அசைந்தால், "கை!" என்று ஓர் அதட்டல். வாத்தியாரம்மாவுக்குப் பயந்த பையனைப் போல அவன் கையை இழுத்துக்கொள்வான். வாழைத் தோட்டங்களில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிலர் வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கருத்தக்கண்ணன் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. தெரிந்த வேலையைத் தெரியாதவனைப் போல முதலிலிருந்து கற்றுக்கொள்வதற்குத் தனி நெஞ்சு வேண்டும். அது அவனிடம் இருந்தது.

தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அழகுமலையின் திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனது. அழகுமலை ராஜாத்திக்கு அண்ணன் முறை. வாய் கொஞ்சம் நீளம்.

மோட்டார் ரூமுக்குள் பைப் ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். ராஜாத்தி மெயினின் கைப்பிடியை இறக்கிப் பூட்டினாள். கருத்தக்கண்ணன் மீட்டரை எடுத்துக்கொண்டு தனி லைன் உள்ள அடுத்த அறைக்குப் போனான், சோதித்தான், திரும்பி வந்தான்.

"ஏ மாப்ள, வேலை பாக்க வந்தியா, பூச பண்ண வந்தியா?" என்றார் அழகுமலை. "த்ரீ பேஸு கரண்டு இன்னுங் கொஞ்ச நேரத்துல போயிரும். அங்கன கொடி காயுது. அதான் மெயினை இறக்கியாச்சுல்ல!"

"ஒரு நிமிசம் மச்சான்."

"ஒன்னய நம்புனதுக்கு மழைய நம்பிருக்கலாம்."

அண்ணனின் பேச்சு ராஜாத்திக்குச் சுருக்கென்று தைத்தது. போதாக்குறைக்கு வெயில். ஒவ்வொரு தோட்டத்திலும் புருஷன் இப்படிக் கேலிப்பொருளாவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

"நாந்தான ஆஃப் பண்ணிப் பூட்டுனேன்? இன்னைக்கு ஒரு நாள் சும்மா தொடுங்க. ஒண்ணும் செய்யாது," என்றாள்.

கருத்தக்கண்ணன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தான். முதல் ஒயரில் மீட்டரை வைத்தான். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் வைத்ததும் எண் சரசரவென்று ஏறி இருநூற்று முப்பதில் நின்றது.

அவன் மீட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். பழைய மெயின். கைப்பிடி கீழே இறங்கியிருந்தது, ஆனால் உள்ளே ஒரு தகடு மட்டும் கழன்று, பழைய இடத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது. பூட்டும் பத்திரமாக இருந்தது, கரண்டும் பத்திரமாக இருந்தது.

ராஜாத்தி மீட்டரைப் பார்க்கவில்லை. அவன் கால்களைப் பார்த்தாள். கணுக்கால்வரை தண்ணீரில் நின்றன. அந்த ஈரத்தில் உள்ளங்கையாவது, புறங்கையாவது? சும்மா தொடுங்க என்று சொன்னவள் அவள்தான். வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷமும் இந்த மனுஷனைத் தினமும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவதை என்னமோ சூரியன் உதிப்பதைப் போல எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அதில் பெருமை வேறு! தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லி அழகுமலையே லைன்மேனுக்குப் போன் போட்டார். அன்றைக்குத் தண்ணீர் பாயவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் ராஜாத்தி சொன்னாள். "பாஸாகாட்டியும் பரவாயில்லைங்க. இனிமே இங்கனயே இப்படி வேலை பாருங்க, போதும்."

"பாஸாகணும் ராசாத்தி," என்றான் அவன். "இன்னைக்கும் கை போகத்தான் பாத்துச்சு. மச்சான் பேசப் பேச அரிச்சுச்சு. புடிச்சு வச்சுருந்தேன், ஒனக்குத் தெரியல. அங்கன போயி ஒத்தையில நிக்கும்போதும் அடங்குதான்னு பாக்கணும்."

தேர்வன்று அவள் சாமியைக்கூட ஒழுங்காகக் கும்பிடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் தாண்டித்தான் அடித்தது.

"தேறிட்டேன்," என்றான் கருத்தக்கண்ணன். பின்னால் சென்னை பஸ்களின் இரைச்சல்.

"நெசமாவா?"

"நெசந்தான். போன தடவ இருந்த அதே சாருதான். அன்னைக்குப் பாதி நேரத்துல முடிச்சீங்களே, இன்னைக்கு ஏன் இம்புட்டு மெதுவான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"வீட்ல ஆளு இருக்கு சார்னு சொன்னேன்."

ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய சேதி. ராஜாத்திக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் அவன், "ஹலோ, ஹலோ, லைன் கட்டாயிருச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இருக்கேன்," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஓடிப் போயி பஸ்ஸப் புடிக்காதீங்க. மெதுவாவே வாங்க."