ஒரு மொட்டு தேவைப்பட்டது

எதைப் பார்த்தாலும் எனக்கு அதில் ஒரு வேதபாடம் தெரிந்துவிடும். இது வரமா வியாதியா என்று என் வீட்டுக்காரர் இருபது வருடமாகக் கேட்கிறார். சலவைக் கடையில் துணி வாங்கி ரசீது போடுகிற வேலை எனக்கு. காலரில் கறை என்றால் பாவம். பட்டன் தொங்கினால் தளர்ந்த விசுவாசம். யாரும் திரும்ப வாங்க வராத கோட்டு, காணாமற்போன ஆடு. ஞாயிறுதோறும் சபைத் தாளின் கடைசியில் இப்படி எழுத எனக்கென்று அரைப் பக்கம். கடையில் எனக்குக் ‘குட்டிப் போதகர்’ என்றே பெயர். உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

போன ஈஸ்டருக்கு அந்தப் பெருமை செய்த வேலையைச் சொல்கிறேன். என் மகளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ‘எனக்குத் தெரிந்த ஒரு பெண்’ என்று தொடங்கி, பரலோகத் தோட்டத்துக்கு ஒரு மொட்டு தேவைப்பட்டது என்று முடித்தேன். யார் என்று சபையில் யாருக்குத்தான் தெரியாது? ஆராதனை முடிந்ததும் நாலு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க!" என்றார்கள். அன்றோடு சரி. அவள் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனையும் எடுப்பதில்லை. மருமகன் மட்டும் எடுத்து, "நல்லா இருக்கா அத்தை" என்று முடித்துவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் போதகர் கூப்பிட்டார். "சிறப்பிதழ்ல இந்தத் தடவ முழுப் பக்கமும் உங்களுக்குத்தாம்மா." முழுப் பக்கம்! தலைகால் புரியவில்லை எனக்கு. கோபித்துக்கொண்டு போன மகளுக்காக வாசற்கதவைத் திறந்தே வைத்திருக்கும் ஒரு தாய் என்று எழுத ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் பின்னால் நின்று படித்தார்.

"மறுபடியும் அவளையா?"

"அவ மனசு இளகட்டும்னுதாங்க."

"சிநேகிதன் கல்லறைக்குப் போனப்ப இயேசு என்ன பண்ணாரு? அழுதாரு. நீ அவகூட உக்காந்து ஒரு நாள் அழுதியா?"

"நான் அழலன்னு யார் சொன்னா?" என்று கத்தினேன். அழுதேன்தான். கடையில், தொங்குகிற கோட்டுகளுக்குப் பின்னால் நின்று. அவளுக்குத் தெரிய அழுததில்லை. அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மகள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றேன். அவளே கதவைத் திறந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"என்னம்மா, கிறிஸ்துமஸுக்கு எழுத எதுவும் கிடைக்கலையா?"

எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும்.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்றேன். எத்தனை வசனம் மனப்பாடம், ஒன்றுகூட வரவில்லை.

அவள் வழிவிட்டாள். சமையலறையில் பாதி நறுக்கிய வெங்காயம் கிடந்தது. மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"எல்லாரும் மொட்டு மொட்டுன்னாங்க. அவன் மொட்டு இல்லம்மா. அவனுக்கு உன் மூக்கு. நீளநீளமா விரல், அவங்கப்பா மாதிரி. நீ அவனப் பாக்கவே இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு ஜெபம் பண்ணிட்டிருந்த."

"பயமா இருந்துச்சுடி."

"எனக்கு மட்டும் பயமா இல்லையா?"

பேரனின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாதவள், அவனை வைத்து ஊருக்கு அரைப் பக்கம் உபதேசம் செய்திருக்கிறேன்.

"அவனுக்குப் பேர் வச்சிருந்தோம்" என்றாள். "நீ கேக்கவே இல்ல."

"இப்பக் கேக்கறேன். சொல்லும்மா."

கத்தி நின்றது. சொன்னாள், காதில் விழுந்தும் விழாத குரலில். பேரனை நான் முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் முட்டிவலியோடு பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

"எங்க ரெண்டு பேரத் தவிர யாரும் அவனப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல" என்றாள். "இன்னொரு தடவ கூப்பிடும்மா."

கூப்பிட்டேன்.