காற்புள்ளியின் பூர்வீகம்

நிறுத்தற்குறிகளுக்குப் பெயரும் பூர்வீகமும் எழுதிச் சான்றிதழ் தருவது தாலுகா ஆபீஸின் மூன்றாம் ஜன்னல். முப்பத்தோரு வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்த கோமதிநாயகத்துக்கு அன்று சாயங்காலத்தோடு ஓய்வு. "இன்னைக்காவது நேரத்தோட வீடு வந்து சேருங்க" என்று மனைவி சண்முகவடிவு காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். ஓய்வு ஆணை தயார்தான். கடைசி வரியில் முற்றுப்புள்ளி மட்டும் வந்து உட்காரவில்லை. அது உட்காராத ஆணை செல்லாது, ஆளும் வீட்டுக்குப் போக முடியாது.

முற்றுப்புள்ளி மருத்துவ விடுப்பில் இருந்தது. மைக் பிடித்தவனெல்லாம் இதற்கு முற்றுப்புள்ளி வைப்பேன், அதற்கு முற்றுப்புள்ளி வைப்பேன் என்று தூக்கிக்கொண்டு அலைந்தால் அதுவும் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? இடுப்புப் பிடித்துக்கொண்டது, பாவம்.

"காலும் முக்காலும் சேர்ந்தா ஒண்ணுதானே அண்ணாச்சி" என்றாள் ஹெட்கிளார்க் ஜெபக்கனி. "காற்புள்ளியையும் முக்காற்புள்ளியையும் உட்கார வெச்சிருவோம். நீங்க அஞ்சரை பஸ்ஸைப் பிடிச்சிரலாம்."

முக்காற்புள்ளி தன் இரண்டு புள்ளியோடும் வந்து நின்றது. காற்புள்ளியின் பதிவேட்டைப் புரட்டிய ஜெபக்கனி, அதை அவர் பக்கம் திருப்பினாள். பெயர்க்காரணம் என்ற இடத்தில் 'கீழே கால் தொங்குவதால்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து அவருடையதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. கால் என்றால் கால்பங்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. வாலைப் பார்த்தார், எழுதிவிட்டார்.

"நடக்கிற காலை முக்காலோட கூட்ட முடியாதே அண்ணாச்சி. திருத்த மனு போட்டா தொண்ணூறு நாள் ஆகும்."

இன்னும் தொண்ணூறு நாள். கோமதிநாயகத்துக்கு அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். படுத்தால் போதும் என்றிருந்தது. மேஜைமேல் ஏறி, ஆணையின் கடைசி வரி முடிந்த இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்தார்.

ஜெபக்கனி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். உருண்டையாகத்தான் இருந்தார். சீல் குத்தினாள்.

"ஆணை செல்லும் அண்ணாச்சி. எந்திரிச்சிராதீங்க, எந்திரிச்சா செல்லாது."

"அப்ப வீட்டுக்கு?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

யாராவது போகத்தானே வேண்டும். கால் உண்டு என்று பதிவாகியிருந்தது காற்புள்ளிக்கு மட்டும்தான். அது அவருடைய டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய் அஞ்சரை பஸ்ஸைப் பிடித்தது.

சண்முகவடிவு கதவைத் திறந்தாள். கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஒருவழியா முடிஞ்சுதா?" என்றாள். "சரி, காலைக் கழுவிட்டு உள்ள வாங்க."