மடி வற்றும் வரை

ஊறுகாய்ப் போத்தல்கள் எல்லாம் நிறைந்து, பூச்சாடியும் நிறைந்து, கடைசியில் காப்பிக் கெண்டியும் நிறைந்தபோது ராலிட்சா குளியல் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொட்டிக்குள் நின்ற வெள்ளாடு அவளுடைய துண்டை மென்றுகொண்டிருந்தது. நாலாவது மாடி, இரண்டே அறை, எங்கே திரும்பினாலும் பால். குடிக்கலாமென்றால் அது மரபணு மாற்றிய ஆட்டின் பால். ரத்தம் உறையாத நோயாளிகளுக்கான மருந்து அதன் மடியில்தான் ஊறுகிறது. கொட்டலாமென்றால் சாக்கடை வழியாக மரித்சா ஆற்றுக்குப் போய்ச் சேரும். அந்த ஆற்றங்கரையில் நின்று, "ஆய்வுக்கூடத்துலேருந்து ஒரு சொட்டு வெளிய வரக்கூடாது" என்று தொண்டை கிழியக் கத்தியவளே அவள்தான். கறக்காமல் விடலாமென்றால் ஆடு போடுகிற சத்தத்தில் கட்டடமே விழித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும், ஆட்டைக் காப்பாற்ற ஆய்வுக்கூடத்திலிருந்து கடத்தலாம் என்று முடிவானபோது அவளுடைய போராட்ட அணியில் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அணித்தலைவன் போகோமிலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வேலியை வெட்டி வண்டியில் ஏற்றி வருகிற வழியில் ஆடு அவன் காற்சட்டையில் மூத்திரம் பெய்தது. அதற்கும் சிரித்தான் மகராசன். யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்ததும் ஒருவனுக்கு ஒவ்வாமை வந்துவிட்டது, ஒருத்திக்கு ஊரிலிருந்து மாமியார் வந்துவிட்டாள். போகோமில் வீட்டிலோ வெள்ளை சோபா. ஆடு ராலிட்சாவின் தலையில் விழுந்தது.

கறக்கச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு பென்கோ. அவருக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம்தான்.

"புனித ஜார்ஜ் திருநாளுக்கு ஊரே ஆட்டுக்குட்டி வாங்குது. நீ என்னம்மா இவ்வளவு பெரிய வெள்ளாட்டப் புடிச்சிட்டு வந்திருக்க? சரி விடு, நானே அறுத்துத் தர்றேன்."

"அறுக்கறதுக்கில்லண்ணே."

"பின்ன எதுக்கு?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்று அணிக் கூட்டத்துக்குப் பிறகு சுத்தமாகவே தெரியாமல் போய்விட்டது. மரபணு மாற்றிய எந்த உயிரும் வெளியுலகில் இருக்கக் கூடாது என்பது அணியின் முதல் கொள்கை. கைதூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள்.

"அப்ப நாம காப்பாத்துனது?" என்று அவள் கேட்டாள்.

"காப்பாத்தியாச்சு. அதுல மாத்தமே இல்ல," என்றான் போகோமில். "இப்ப அழிக்கணும்."

"அடப்பாவி, ரெண்டும் ஒரே ஆடுடா!"

"அதான் சிக்கலே."

இன்று மதியம் போகோமில், ஆய்வுக்கூடத்தை நடத்தும் கம்பெனியின் வக்கீலுடன் சேர்ந்தே வந்து கதவைத் தட்டினான். வக்கீலுக்குத் தாமியான் என்று பெயர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வேலியைத் தாண்டிய விலங்கைத் திரும்பச் சேர்க்கக் கூடாது, எரித்துவிட வேண்டும், சட்டம் அப்படி என்றார்.

"மொத மொதல்ல நாங்களும் உங்க ஆளுங்களும் ஒத்துப்போறோம்மா. கேஸெல்லாம் போட மாட்டோம். டாக்டர் கீழ வண்டியில இருக்காரு. ஊசிதான், வலிக்காது."

போகோமில் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். போன மாதம் இதே மனிதரின் காரில் முட்டை அடித்தவன்.

ராலிட்சாவுக்கு மண்டை காய்ந்தது. கொள்கையை எழுதியதில் பாதி அவள் கைதான். இப்போதும் அது தப்பென்று தோன்றவில்லை. சட்டமும் தப்பில்லை. இந்தப் பாலுக்காகக் காத்திருக்கும் நோயாளிகளை நினைத்துப் பார்த்தாள், ஆற்றையும் நினைத்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஆடு செத்துத்தான் கிடந்தது. அதைக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஏன் என்று கேட்டால் மேடையில் நின்று சொல்லும்படியாக ஒரு காரணமும் அவளிடம் இல்லை.

உள்ளேயிருந்து ஆடு கத்தியது.

"மடி கட்டிப் போயிருக்கு. வலியோட அனுப்ப மாட்டேன். கறந்துட்டுத் தர்றேன்," என்றாள்.

"பாவம், கறந்துடுங்க. முடியட்டும், காத்திருக்கோம்," என்றார் வக்கீல்.

துணி ஊறவைக்கிற வாளியைத் தொட்டிக்குள் வைத்து மண்டிபோட்டாள். இருவரும் குளியலறை வாசலில் வந்து நின்றார்கள். முதலில் பால் சர்சர்ரென்று அடித்தது, பிறகு நூலாக இளைத்தது, பிறகு சொட்டியது. பிறகு அதுவும் நின்றது. அவள் ஆட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். கதகதவென்று இருந்தது.

வாசலில் நின்றவர்களில் ஒருவர் பால் கறப்பதை வழக்குக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவர். மற்றவன் பிறந்ததிலிருந்து பாதாம்பால்தான்.

"இன்னும் இருக்கா?" என்றான் போகோமில்.

"இருக்கு."

வெறுங்காம்பை அவள் விரல்கள் அழுத்தி இழுத்தன, விட்டன, மறுபடி இழுத்தன. வலி நின்ற சுகத்தில் ஆடு கண்ணைப் பாதி மூடி அசைபோடத் தொடங்கியது.