டீகன் பெயர் ஒட்டிய டப்பாக்கள்

வியாழக்கிழமை மத்தியானமானால் மெரினின் அடுப்பில் சோறு கறி எதுவும் ஏறாது. கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கண்ணாடிக் கிண்ணத்தை இறக்கி, தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் போட்டு உருக்குவாள். உருகியதும் இறக்கி, ஆரோரூட் மாவும் சமையல் சோடாவும் தூவி, கட்டி தட்டாமல் கிண்டுவாள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறின பிறகுதான் வாசனை எண்ணெய். சூட்டோடு விட்டால் வாசனை ஆவியாகப் போய்விடும். லாவெண்டர் முப்பது சொட்டு, டீ ட்ரீ எண்ணெய் பத்து. பிறகு சின்னத் தகர டப்பாக்களில் ஊற்றி ஆறவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டுவாள். சீட்டில் ஒரே ஒரு பெயர்: டீகன்.

டீகன் அவளுடைய தங்கை. மார்பகப் புற்றுநோயில் போய் மூன்று வருஷம் ஆகிறது. முப்பத்தாறு வயது.

முல்லம்பிம்பி ஊரின் வெள்ளிக்கிழமைச் சந்தையில், வியர்வை வாடை போக்கும் மெரினின் இந்த டியோடரன்டுக்கு நல்ல பேர். கிளைவ் என்ற கிழவர் மாதம் தவறாமல் வருவார். "இதைப் போட ஆரம்பிச்சதுலேருந்து என் நாய் மறுபடியும் என் பக்கத்துல படுக்குது மெரின். பொண்டாட்டிதான் இன்னும் யோசிக்கிறா" என்பார். சந்தையே சிரிக்கும். மெரினும் சிரிப்பாள். புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வாள்: "கடையில விக்கிறதை எல்லாம் அக்குள்ல பூசாதீங்க. என் தங்கச்சி பதினாலு வயசுலேருந்து பூசினா."

அதனால்தான் நோய் வந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அப்படி நிரூபணம் எதுவும் இல்லை என்றுதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். மெரினுக்கு அது காதில் ஏறவில்லை. நல்ல பெண், குடிக்காதவள், தினம் கடலில் நீந்துகிறவள், அவளுக்குப் போய் இது ஏன் வரவேண்டும்? யார்மேலாவது, எதன்மேலாவது கோபப்படாமல் மெரினால் அந்த வருஷத்தைத் தாண்டியிருக்க முடியாது. தங்கையின் குளியலறையில் இருந்த கடை டியோடரன்டின் பிளாஸ்டிக் குப்பி கண்ணில் பட்டது. அதன்மேல் கோபப்பட்டாள்.

அந்த ஊரில் ஜனவரிதான் நடுக்கோடை. இந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளி விடுமுறை. தோழிகள் எல்லாம் ஆற்றில் குதித்துக் கிடக்க, மெரினின் மகள் பிரைடி வீட்டிலேயே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயதுப் பெண், ஏதாவது மனக்கசப்பாக இருக்கும் என்று மெரின் விட்டுவிட்டாள்.

"பிரைடி, அந்த மேல் தட்டுல காலி டப்பாப் பெட்டி இருக்கு, எடுத்துக் கொடேன்."

பிரைடி எழுந்து வந்தாள். கையை உயர்த்தினாள். பாதிதான் போயிருக்கும். "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தூக்கத்துல சுளுக்கிடுச்சு."

"ரெண்டு கையுமா சுளுக்கும்? காட்டு."

"வேணாம்மா."

"காட்டுங்கறேன்ல."

பிரைடி சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். மெரின் கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு அக்குளும் வெந்தது போல் இருந்தன. தோல் உரிந்து, நடுவில் நீர் கோத்து, ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நவம்பர்லேருந்து. நீ கோடைக்குன்னு சோடாவை அதிகமாப் போட்டியே, அப்பலேருந்து. ரேசர் போட்டா இன்னும் எரியும்."

"ரெண்டு மாசமா? பைத்தியமா உனக்கு? ஏன் என்கிட்ட சொல்லல?"

பிரைடி சட்டையை இழுத்து மூடினாள்.

"கேக்குறேன்ல? அம்மாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ அழுவ." அவள் குரல் உடைந்தது. "டீகன் ஆன்ட்டிக்கும் இப்படித்தான் ஆச்சு. உங்கம்மாகிட்ட சொல்லாதேன்னு அவங்கதான் சொன்னாங்க."

மெரினுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கிண்ணத்தில் மெழுகு ஓரத்திலிருந்து உறையத் தொடங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றே மருத்துவரிடம் போனார்கள். அவர் பிரைடியின் கையை மெதுவாக உயர்த்திப் பார்த்துவிட்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். "கடையில வாங்குறதா, வீட்டுல செய்யுறதாங்கிறது இல்ல விஷயம். சில பேர் தோலுக்கு இந்த சோடா ஆகாது. அவ்வளவுதான். நிறுத்துங்க, ரெண்டு வாரத்துல ஆறிடும்" என்றார்.

வண்டியில் திரும்பும்போது, கரும்புக் காட்டு ஓரமாக மெரின் வண்டியை நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் சொல்லு."

"வேணாம்மா."

"சொல்லு பிரைடி."

பிரைடி சொன்னாள். அந்தக் கடைசிக் கோடையில் டீகனுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்துகொண்டிருந்தது; பள்ளி விடுமுறை என்பதால் துணைக்குப் பிரைடி அவள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். மெரின் தினமும் காலையில் போய் அவளைக் குளிப்பாட்டித் தலைதுவட்டிவிட்டு வருவாள். கடைக் குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, தான் செய்ததைத் தன் விரலாலேயே எடுத்து அக்குளில் பூசிவிடுவாள். டீகன் கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல வாசனை மெரின்" என்பாள். நோய் வாடை அடிக்கிறது என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்த தங்கைக்குத் தன்னால் ஆனது என்று மெரின் மனம் குளிர்ந்து வீடு திரும்புவாள்.

"நீ காரை எடுத்த உடனே என்னைக் கூப்பிடுவாங்க. ஈரத் துணி வெச்சுத் துடைக்கச் சொல்லுவாங்க. கரண்ட் வெச்ச இடம்மா அது, ஏற்கெனவே தோலெல்லாம் போயிருந்துச்சு. துடைக்கும்போது தலையணையைக் கடிச்சுக்குவாங்க. அப்புறம் ஃபிரிட்ஜ்லேருந்து உறைஞ்ச பட்டாணிப் பொட்டலம் எடுத்துத் துணியில சுத்தி வெப்போம்."

"அப்ப உனக்குப் பன்னெண்டு வயசு."

"ஆமா."

"தினமுமா?"

"விடுமுறை முழுக்க."

மெரின் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஒரு லாரி கரும்புச் சோகையை இறைத்துக்கொண்டு கடந்து போனது. நர்ஸ் அப்போதே சொல்லியிருந்தாள், எங்களைக் கேக்காம அந்த இடத்துல எதையும் பூசாதீங்க என்று. மெரினுக்கு அது நன்றாக நினைவிருந்தது. மருந்துக் கடைச் சாமானைத்தான் சொல்கிறாள், இயற்கைச் சரக்கு என்ன செய்துவிடும் என்று தான் நினைத்ததும் நினைவிருந்தது.

சனிக்கிழமை காலையில் அவள் டார்சியைத் தேடிப் போனாள். டார்சி டீகனின் கணவன். மலைச்சரிவில் மெக்கடேமியாக் கொட்டைத் தோட்டம் வைத்திருந்தான். தங்கை போனபிறகு அவன் இவர்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பான். துக்கத்தில் இருக்கிறான், தனியாக விட்டுவிடலாம் என்று மெரின் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவன் உதிரும் கொட்டைகளைப் பிடிக்க மரத்தடியில் வலையை விரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"என்ன மெரின், இவ்வளவு தூரம்?"

"டீகன் அக்குள் வெந்து கிடந்தது உனக்குத் தெரியுமா?"

டார்சி வலையைக் கீழே விட்டான்.

"பிரைடி சொன்னாளா?"

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். உன்கிட்ட சொல்லப் போறேன்னு ரெண்டு தடவை வண்டிச் சாவியை எடுத்தேன். ரெண்டு தடவையும் அவ விடல."

"ஏன்?"

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது?" அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்க வீட்டு அடுப்புலதானே முதல்ல அதைச் செஞ்சுகிட்டிருந்த. அவ படுக்கையிலேருந்து உன்னைப் பாத்துகிட்டே இருப்பா. 'மெரின் அதைக் கிண்டும்போது மட்டும்தான் அழாம இருக்கா, டார்சி. அவ கைக்கு ஏதாவது வேலை வேணும். இது எனக்கு இன்னும் எத்தனை நாளைக்கு, விடு'ன்னா."

மெரின் தன் விரல்களைப் பார்த்தாள்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"தெரியும்."

"எனக்குத் தெரியாது டார்சி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"அதுவும் தெரியும். உன்மேல தப்பு இல்லன்னு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தாச்சு." அவன் குரல் கடுமையாக இல்லை, களைத்திருந்தது. "ஆனா சந்தையில ஒரு நாள் உன் கடைப் பக்கம் வந்தேன். அவ பேரை ஒட்டி டப்பாவை அடுக்கி வெச்சிருந்த. அப்படியே திரும்பிட்டேன். அதுக்கப்புறம் உன் மூஞ்சியைப் பாக்க என்னால முடியல. அதான் கிறிஸ்துமஸுக்கும் வர்றதில்ல."

"என்னை மன்னிச்சிடு."

"என்கிட்ட கேட்டு என்ன மெரின்?"

அவன் அதைக் குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். கேட்கவேண்டியவளிடம் கேட்க வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவன் வலையைத் திரும்ப எடுத்தான். அவள் கிளம்பினாள்.

வீட்டில் பிரைடி கூடத்துச் சோபாவில், மின்விசிறிக்கு நேராக இரண்டு கையையும் தலைக்குமேல் போட்டுக் களிம்போடு படுத்திருந்தாள்.

"டார்சி அங்கிள் என்ன சொன்னாரு?"

மெரின் தரையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். மகளிடம் இனி எதையும் மறைக்கக்கூடாது என்று வரும் வழியிலேயே தீர்மானித்திருந்தாள்.

"கோவமா இருக்காரா?"

"இருக்காரு."

"நான் அப்பவே சொல்லியிருக்கணுமாம்மா?"

அந்தக் கேள்விதான் மெரினை உடைத்துப்போட்டது. மூன்று வருஷமாக இந்தக் குழந்தை இதைத் தனக்குள் வைத்துக்கொண்டு, அதே மெழுகைத் தானும் பூசிக்கொண்டு, அம்மா அழக்கூடாது என்று பல்லைக் கடித்திருக்கிறாள். தங்கை செய்ததையே மகளும் செய்திருக்கிறாள். மெரின் மகளின் வயிற்றில் முகத்தை வைத்து அழுதாள். பிரைடியால் வலியில்லாமல் கையை இறக்க முடியவில்லை. அப்படியே தலைக்குமேல் வைத்துக்கொண்டு, "பரவால்லம்மா, அழு" என்றாள்.

சந்தைக் கடையை மெரின் விட்டுவிட்டாள். கிளைவ் வீடுதேடி வந்து கெஞ்சினார். அவருக்கு அது ஒருநாளும் அரிப்புகூடக் கொடுத்ததில்லை. செய்முறையைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தாள், சோடாவைப் பாதியாகக் குறைத்து. "நீயே செஞ்சு குடுத்தா என்ன?" என்றார். "என்னால முடியல கிளைவ்" என்றாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரலில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டார்சியின் வண்டி வாசலில் வந்து நின்றது. ஒரு பை மெக்கடேமியாக் கொட்டையைப் பிரைடியிடம் நீட்டினான்.

"கை ஆறிடுச்சா?"

"எப்பவோ ஆறிடுச்சு. உள்ள வாங்க அங்கிள். அம்மா இருக்காங்க."

ஜன்னல் வழியாக மெரின் அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். தலையை லேசாக அசைத்தான்.

"இன்னொரு நாள் வரேன்" என்று பிரைடியிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.