வியாழக்கிழமைக்குக் கொஞ்சம் கடுகு

1

இந்தக் கதை கடுகில் தொடங்கியது. பெரிதாக ஏதாவது சொல்லி உங்களை மிரட்டலாம்தான். ஆனால் கடுகுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர் வந்து எங்கள் கதவைத் தட்டினார். பின்லாந்தின் தம்பெரே நகரில் ஒருவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்றால் ஒன்று குழாய் உடைந்திருக்க வேண்டும், இல்லை உலகம் முடிந்திருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் குடிவந்த மனிதர். மாடிப்படியில் எதிரே வந்தால் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன், அவ்வளவுதான் எங்கள் சிநேகம். இப்போது கையில் ஒரு நீலக் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"கடுகு கொஞ்சம் கிடைக்குமா? தீர்ந்துபோச்சு. அடுப்புல சூப் இருக்கு, விட்டுட்டுக் கடைக்குப் போக முடியாது."

அவர் கேட்டது ட்யூபில் வருகிற மஞ்சள் விழுது, சூப்பில் கலக்கிக்கொள்வது. என்னிடம் இருந்தது தாளிக்கிற கடுகு. அஞ்சறைப் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இதுவும் கடுகுதானே?"

"இதுதாங்க கடுகு," என்றேன், கொஞ்சம் கர்வமாகவே.

கிண்ணத்தை நீட்டினார். கொட்டினேன். இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். அவர் வீட்டுக் கதவு சாத்தப்படுவதற்குள் எனக்குக் கதை வந்துவிட்டது.

(இது முழு உண்மையல்ல. கதை வந்தது மறுநாள்தான். அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள், உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?)

2

முதல் தொடக்கம்: "பனி ஊரை மூடியிருந்தது. அந்த வெண்மைக்குள் ஒரு மனிதன்..."

வேண்டாம். இங்கே பிப்ரவரியில் பனி இல்லாவிட்டால்தான் சேதி.

இரண்டாம் தொடக்கம்: "அன்பு என்பது ஒரு தட்டுச் சோற்றில்..."

ஐயோ. என் மகள் நிலானி தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "சோறு எங்கேம்மா இருக்கு அவங்க வீட்டுல?" என்கிறாள். பத்து வயசு. வாய் மட்டும் நாற்பது.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் வெஸா என்று வைத்துக்கொள்வோம். பனி தள்ளுகிற லாரி ஓட்டுகிறவர். கீழ்வீடு அவருடையதல்ல, கத்ரியுடையது. கத்ரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் பதினோரு வயதில் ஒரு மகள், ஹில்லா. வெஸா இவர்களோடு வந்து சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் ஒற்றை அறை ஃப்ளாட்டை இன்னும் விடவில்லை. காரணத்தைக் கத்ரியே, எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில், என்னிடம் சொன்னாள்: "ஹில்லா அவரோட உட்கார்ந்து சாப்பிட மாட்டேங்கிறா. இந்த வாரம் பூரா எனக்குச் சாயங்கால ஷிஃப்ட். ரெண்டு பேரும் தனியா இருப்பாங்க. ஒரு நாளாவது அவ அவரோட மேசையில உட்கார்ந்தா, அவர் ஃப்ளாட்டை விட்டுடுவார். இல்லைன்னா... பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' இருக்கிறதே, அதைச் சொல்லும்போது ஒரே காலுறையை மூன்று தடவை மடித்தாள்.

ஆக, கதையில் நடக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு பெண் குழந்தை ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும்.

3

திங்கட்கிழமை வெஸா உருளைக்கிழங்கு வேகவைத்து, சாசேஜ் நறுக்கிப் போட்டுக் குழம்பு வைத்தான். (கதைக்குள் வந்ததும் அவர் 'அவன்' ஆகிவிட்டார். மாடிப்படியில் பார்க்கும்போது மறுபடி 'அவர்' ஆக்கிவிடுகிறேன்.) மேசையில் இரண்டு தட்டு வைத்தான். ஹில்லா வந்தாள், தன் தட்டில் எடுத்துக்கொண்டாள்.

"நன்றி, வெஸா. உங்க சமையல் நல்ல வாசமா இருக்கு,"* என்றாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். அறைந்திருந்தால்கூட ஒரு பேச்சு வளர்ந்திருக்கும். இத்தனை மரியாதையான பிள்ளையோடு எப்படிச் சண்டை போடுவது?

[* அவர்கள் மொழியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் 'நீ'தான். பதினோரு வயசுப் பெண் வளர்ந்த மனிதரை 'நீ' என்று சொல்வதாக எழுத என் கை மாட்டேன் என்கிறது. மன்னித்துவிடுங்கள்.]

செவ்வாய்க்கிழமை மக்ரோனியை முட்டையும் பாலும் ஊற்றி ஓவனில் வைத்தான். வேலையிலிருந்து வந்த கையோடு, ஜாக்கெட்டைக் கூடக் கழற்றாமல். அன்றைக்கும் நன்றி, அன்றைக்கும் கதவு.

இந்த இடத்தில் எனக்கு வெஸாவின் மேல் சந்தேகம் வந்தது. ரொம்ப நல்லவனாக இருக்கிறான். இப்படிப்பட்டவனைக் கதையில் வைத்தால் வாசகர் கொட்டாவி விடுவார். ஆகவே கதவு சாத்தியதும் அவன் மக்ரோனியைப் பார்த்து, "தின்னா தின்னு, தின்னாட்டிப் போ!" என்று முணுமுணுத்ததாக எழுதினேன். பிறகு நின்றுகொண்டே ஓவன் பாத்திரத்திலிருந்து பாதியைக் காலி செய்தான். கத்ரிக்குப் போன் போட்டான்.

"என்னால முடியல, கத்ரி. நான் இந்த வீட்டுல விருந்தாளி மாதிரி சமைச்சுக்கிட்டிருக்கேன்."

"அவளைக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா வரமாட்டா, பூனை மாதிரி."

"பூனைக்கு என்ன சமைக்கிறது?"

"நாளைக்கு ஏதாவது சுலபமா வைங்க. சீக்கிரம் தூங்குங்க. பனி வருதுன்னு சொல்றாங்க."

அவன் காய்ந்த பட்டாணியைத் தண்ணீரில் ஊறப்போட்டான். புதன்கிழமைக்குப் பட்டாணி சூப். அதைவிடச் சுலபமானது கிடையாது. அடுப்பில் ஏற்றிவிட்டால் தன் பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும்.

(ஒரு நிமிஷம். எங்கள் வீட்டில் குக்கர் கத்துகிறது.)

வந்துவிட்டேன். புதன்கிழமை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. விடியுமுன் லாரியில் ஏறியவன், தள்ளிய தெருவையே திரும்பத் திரும்பத் தள்ளி, ஹில்லா தூங்கின பிறகுதான் வீட்டுக்கு வந்தான். அவள் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருந்தாள். பட்டாணி தண்ணீரிலேயே கிடந்தது. தண்ணீரை மாற்றி ஊற்றினான். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாளை வியாழன். இந்த ஊர்க்காரர்கள் இந்நேரம் தலையில் கைவைத்திருப்பார்கள். உங்களுக்காகச் சொல்கிறேன்: இந்த நாட்டில் வியாழன் மதியம் என்றால் பட்டாணி சூப். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், பட்டாளத்தில், நெடுஞ்சாலை ஓட்டலில், எங்கும் அதுதான். யார் போட்ட சட்டமோ, மீறுகிறவர் இல்லை. வியாழன் மதியம் வெஸா வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் தட்டை நீட்டினான், ஊற்றினார்கள், உட்கார்ந்தான், முதல் கரண்டியை வாயில் வைத்தான். அப்போதுதான் உறைத்தது.

"போச்சுடா!" என்றான், சத்தமாகவே.

எதிரே இருந்தவன், "சூடா?" என்று கேட்டான்.

3 (திருத்தம்)

கடைக்குப் போய் வேறு ஏதாவது வாங்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நிலானியும் கேட்டாள். "பீட்சா வாங்கலாமேம்மா. ஹில்லாவுக்குப் பீட்சா பிடிக்கும்."

வாங்கலாம். பீட்சாவைத் தட்டில் வைத்துக்கொண்டு அறைக்குப் போகலாம். ஆனால் கத்ரியின் வீட்டில் ஒரு விதி உண்டு: சூப் அறைக்குள் போகாது. முன்பு ஒரு தடவை கம்பளத்தில் கொட்டிய பிறகு வந்த விதி. இதை நான்தான் திட்டம் போட்டு வைத்தேன், வெஸா அல்ல. அவன் பாவம், இரண்டு ராத்திரி ஊறிய பட்டாணியைத் தூக்கிப்போட மனசில்லாமல்தான் அடுப்பில் ஏற்றினான். வியாழன் மதியம் சூப் குடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு வியாழன் சாயங்காலமும் சூப்! "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு அவளுக்குக் கிடைக்காது. அது தெரிந்தேதான் கரண்டியைப் போட்டுக் கிளறினான். கடுகு ட்யூப் காலியாக இருந்ததைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடினான்.

4

கடுகைக் காப்பிக் கோப்பையின் அடியால் நசுக்கி, வினிகரும் சர்க்கரையும் கலந்து வைத்தான். கதவு திறந்தது. ஹில்லா பூட்ஸைக் கழற்றினாள். வாசம் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சாப்பாடு?"

"பட்டாணி சூப்." பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், "ஸ்கூல்ல இன்னைக்கு என்ன போட்டாங்க?" என்று கேட்டுவிட்டான்.

இங்கே நான் நெடுநேரம் நின்றேன்.

முதல் பதில்: "பட்டாணி சூப்தான். எனக்குப் பசிக்கல." கதவு சாத்தப்படுகிறது. வெஸா ஃப்ளாட்டுக்குத் திரும்புகிறான். நம்பும்படி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது: ஹில்லா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது இது:

ஹில்லா அடுப்பைப் பார்த்தாள். மேசையில் இருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தாள். அவன் ஜாக்கெட்டில் கடுகு சிந்தியிருந்ததையும் பார்த்தாள்.

"மீன்," என்றாள்.

"மீனா?"

"ஆமா. மீன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

வெஸா ஊற்றினான். மேசைமேல் கொஞ்சம் சிந்தியது. அவள் கடுகைத் தாராளமாக எடுத்துக் கலக்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (கடுகால்தான். வெங்காயத்தையும் கடுகையும் சாக்காக வைத்து ஆளை அழவிடுகிற வேலையை நான் செய்யமாட்டேன். எங்கள் வீட்டுக் கடுகு அப்படி.)

"என்ன இது, மூக்குல ஏறுது!"

"மேல்வீட்டுக் கடுகு. தாங்கலைன்னா விட்டுடு."

"யார் தாங்கலைன்னு சொன்னது?" இன்னொரு கரண்டி. "உங்களுக்கு மதியம் என்ன?"

"எனக்கா? ரொட்டி. லாரியிலயே சாப்பிட்டுட்டேன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பொய் சொல்கிறவர்களைப் பொய் சொல்கிறவர்களுக்குத் தெரியும். இருவரும் குனிந்து குடித்தார்கள். வயிறு முட்டிக்கொண்டிருந்தது இருவருக்கும்.

"இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டான், கேட்டிருக்கக் கூடாது.

"கொஞ்சமா," என்றாள் அவள் வீரமாக.

5

நிலானி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அந்த மீன் இடம் யாரும் நம்பமாட்டாங்கம்மா. மாத்திடு."

எல்லாவற்றையும் மாற்றுவேன். பூட்ஸ், காப்பிக் கோப்பை, மக்ரோனியைத் திட்டியது, எல்லாம் என் கைச்சரக்கு. கீழ்வீட்டு மேசையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த மீனை மட்டும் மாற்ற முடியாது, கண்ணு. அது நான் போட்டதல்ல. அன்றைக்கு நீயும் வீட்டில்தானே இருந்தாய்?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மறுபடி எங்கள் கதவைத் தட்டினார்கள். ஒரே வாரத்தில் இரண்டாம் தடவை! திறந்தால் அந்தப் பெண். கையில் அதே நீலக் கிண்ணம், கழுவித் துடைத்தது.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நேத்து உன் பாடு திண்டாட்டமா? மதியமும் சூப்பு, ராத்திரியும் சூப்பு!" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"எங்க ஸ்கூல்ல நேத்து மீன்," என்றாள்.

நிலானி படிப்பதும் அதே பள்ளிக்கூடம்தான். உள்ளேயிருந்து தமிழில் கத்தினாள், நல்லவேளை தமிழில்: "அம்மா, பொய்! நேத்து பட்டாணி சூப்தான்! அவ எனக்கு முன்னாடிதான் வரிசையில நின்னா!"

"நீ சும்மா இருடி," என்றேன்.

ஹில்லாவுக்கு என்ன புரிந்ததோ, காது மட்டும் சிவந்தது. ஆனாலும் அசையவில்லை. மாடி வீட்டு அம்மாளிடம், ஒரு சூப்பைப் பற்றி, எதற்காக ஒரு பிள்ளை இப்படி உறுதியாகப் பொய் சொல்கிறது? வெஸா இல்லாத இடத்தில், அவர் காதில் விழாது என்று தெரிந்தும்? இந்தக் கேள்வியால்தான் கதை வந்தது. கடுகு சும்மா வழி காட்டியது.

வெஸா ஃப்ளாட்டை விட்டாரா? தெரியாது. மாதம் முடிய நாள் இருக்கிறது. கத்ரியைத் துணி துவைக்கும் அறையில் பார்த்தால் கேட்கலாம், ஆனால் கேட்கப்போவதில்லை. அந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அவள் கிண்ணத்தை எதற்குக் கொண்டுவந்தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்க வந்தாள் என்றுதான் நானும் முதலில் கையை நீட்டினேன். அது எங்கள் கிண்ணமே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இன்னும் கொஞ்சம் கடுகு வேணும்," என்றாள் ஹில்லா. "அடுத்த வியாழக்கிழமைக்கு."

வழிய வழியக் கொட்டிக் கொடுத்தேன்.